ஒரு வீடு தள்ளி

பகல் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது போட்ஸ்ஃபியோர்டில்.
மீன் எடைபோடும் கூடத்துக் கணினி
காலையிலிருந்து ஊமை.

தராசுக்கு ஒன்றுமில்லை. காட் மீன்கள்
வாய் பிளந்தபடி பெட்டி பெட்டியாய் ஏறி இறங்குகின்றன.
எடை தெரிகிறது, சீட்டு போகவில்லை.
சீட்டு போகாமல் மீன் போகாது,
மீன் போகாமல் ஒட்வார் போகமாட்டான்.
கதவருகே நின்று
ரப்பர் பூட்ஸிலிருந்து என் தரையில்
கடலைச் சொட்டிக்கொண்டிருக்கிறான்.

"அணைத்துப் போட்டுப் பார்த்தாயா, தூரில்?"
பார்த்தேன்.
"கம்பியை உருவிச் செருகினாயா?"
செருகினேன். கொக்கி டிக்கென்றது.
அந்த டிக்கை நம்பி இருபது வருடம்
சம்பளம் வாங்கியவள் நான்.

அதே கம்பியை மடிக்கணினியில் செருகினால்
ஓஸ்லோவின் மழை அரை நொடியில் வருகிறது.
ஆக, கம்பி நிரபராதி. சுவர்த்துளையும்.
கடற்காகங்கள் எச்சமிட்ட குழாய்க்குள்
கூரைமேல் ஓடும் முப்பது மீட்டரும் நிரபராதி.

கறுப்புத் திரையைத் திறந்து
உன்னையே நீ கூப்பிட்டுப் பார் என்றேன்.
நூற்றிருபத்தேழு, சைபர், சைபர், ஒன்று.
உடனே பதில்.
தன்னோடு பேசத் தெரிகிறது இதற்கு,
ஒரு சொல்கூடச் சிந்தாமல்.
வெளியேதான் ஒருவரும் இல்லை.
இப்படிச் சிலரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அட்டை இருக்கிறதா? இருக்கிறது.
டிரைவர் ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது.
பட்டியலில் பெயர் உண்டா? உண்டு,
படுத்திருக்கிறது என்ற குறிப்போடு.
எழுந்திரு எழுந்திரு என்று
சேவையை மூன்று தரம் மறுதொடக்கம் செய்தேன்.
அப்படியொரு சாதனமே இல்லை என்றது.
இருக்கிறது என்கிறாய், இல்லை என்கிறாய்,
ஒரே வாயால்.

ஒட்வார் என் காபியையும் குடித்துவிட்டான்.

கர்னல் பதிவை அடியிலிருந்து மேலாகப் படித்தேன்,
வலையில் சிக்கெடுப்பதுபோல, நுனியைக் கைவிடாமல்.
ஏழு நாற்பது:
ஈத் சைபர் என்று பிறந்திருக்கிறது.
அதே நொடியில் வேறு பெயர்.
இ, என், பி, நான்கு.

நான்கு.
அமைப்புக் கோப்பில் மூன்று.
பட்டியலிலும் நான்குதான் இருந்திருக்கிறது,
பார்த்த ஒவ்வொரு தடவையும்.
பழகிய கண், மூன்றென்றே வாசித்துக்கொண்டது.

ஏழு நாற்பது என்றால் எய்னோ.
ஐஸ் கிடங்கிலிருந்து கூப்பிட்டேன்,
மீசையில் உறைபனியோடு வந்தான்.
கேமராவுக்குப் புது அட்டை ஒன்று வந்தது,
காலித் துளையில் செருகினேன்,
நெட்வொர்க்கைத் தொடவேயில்லை என்றான்.
தொடவில்லைதான்.
முன்னால் ஒருத்தர் குடிவந்தால்
பின்வீட்டுக் கதவெண் ஒன்று தள்ளிப் போகிறது இந்தத் தெருவில்.
தபால்காரன் பழைய மூன்றின் வாசலில் நின்று
நாளெல்லாம் தட்டியிருக்கிறான்.
உள்ளே இருந்தது கேமரா. அது எதற்குத் திறக்கும்?

விவாகரத்துக்குப் பிறகு
அப்பாவின் குடும்பப் பெயருக்கே நான் திரும்பினேன்.
பல் மருத்துவமனை ஏழு மாதம்
இல்லாத ஒருத்திக்கு எழுதியது,
என் வீட்டு முகவரியில்.
எனக்கில்லை என்று நானும் பிரிக்கவில்லை.
அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மூன்றை அழித்தேன். நான்கைத் தட்டினேன்.
ஒரு விரல், ஒரு தட்டு.
பெட்டியின் முதுகில் ஆரஞ்சு விளக்கு விழித்தது,
யோசித்தது, பச்சையானது.
முப்பத்தொரு சீட்டுகளும்
முண்டியடித்துக்கொண்டு போயின.

"என்னதான் கோளாறு?" என்றான் ஒட்வார்.
"எண்" என்றேன்.
"எந்த எண்?"
அதற்குள் கிரேன் அவனைக் கூப்பிட்டது.

இனிமேல் கதவெண் பார்க்காதே,
அட்டையின் உடம்பில் பொறித்த எண்ணைப் பார் என்று
கோப்பில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன்.
எய்னோ இன்னும் போகவில்லை.
கையுறையைக் கழற்றுகிறான், மாட்டுகிறான்.

"ஒலிபெருக்கிக்கும் ஒரு அட்டை வந்திருக்கிறது" என்கிறான்,
"நாளைக் காலையில்…"

உட்கார், எய்னோ.